முழங்கால் வலி என்று எழுதப்பட்ட ஆண்கள் குறித்து

அனுப்புநர்
மொ. தங்கபாண்டி (வயது 53),
த/பெ மொக்கையன்,
வடக்குத் தெரு, கருவேலேந்தல்,
பரளச்சி வழி,
விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள்,
விருதுநகர்.

பொருள்: ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆண்கள் தங்கள் தாம்பத்தியக் குறைபாட்டைச் சொல்ல இடமும் கேட்க ஆளும் இல்லாதது – அதனால் என் தம்பி மொ. உக்கிரபாண்டிக்கு நேர்ந்த பாதிப்பு – நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. புறநோயாளர் சீட்டு, நாள் 21.11.2024 (நகல்).
2. மதுரை அரசு மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டு, நாள் 29.03.2025 (நகல்).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மேலே உள்ள பொருளைப் படித்ததும் தங்கள் அலுவலகத்தில் யாராவது சிரிக்கக்கூடும். சிரிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கடைசி வரை படித்துவிட்டுச் சிரிக்கும்படி மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இதற்கு முன் அரசுக்கு மூன்று மனுக்கள் எழுதியிருக்கிறேன். கண்மாய் மடைக்கு ஒன்று, காலைப் பேருந்துக்கு ஒன்று, காட்டுப்பன்றி உளுந்தை அழித்ததற்கு ஒன்று. மடை வந்தது. அந்த மூன்றையும் அருப்புக்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்து வாங்கினேன். அங்கே தட்டச்சு செய்யும் பெண் பக்கத்து ஊர்ப் பிள்ளை. ஆகவே இந்த மனுவைக் கையால் எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுக்கவில்லை. அங்கும் ஒரு மேசையும் ஒரு வரிசையும் "என்ன மனு?" என்ற கேள்வியும் இருக்கும். அதனால் பதிவுத் தபால்.

1. நான் மானாவாரி விவசாயி. மிளகாயும் மல்லியும் போடுகிறோம். மழை ஏமாற்றினால் கருவேல் வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கிப் பிழைக்கிறோம். என் தம்பி உக்கிரபாண்டிக்கு வயது நாற்பத்தைந்து. எங்கள் தகப்பனார் இறந்தபோது அவனுக்குப் பதினொன்று. அவனைப் படிக்க வைத்ததும், படிப்பு ஏறாதபோது ஏரில் பூட்டியதும், காரியாபட்டியில் பெண் பார்த்துக் கட்டி வைத்ததும் நான்தான். நான் சொன்னதை அவன் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை.

2. 2023 அக்டோபரில் எங்கள் ஊர்ச் சாவடியில் மருத்துவ முகாம் நடந்தது. அண்ணன் தம்பி இருவருக்குமே இரத்த அழுத்தம் இருப்பதாகச் சொன்னார்கள். எனக்குச் சர்க்கரை எல்லையில் நிற்பதாகவும், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. அது என் குற்றம்.

3. அதிலிருந்து மாதாமாதம் மாத்திரை வீடு தேடி வந்தது. கொண்டு வருபவர் சுகாதாரப் பணியாளர் தங்கச்செல்வி. எங்கள் பங்காளி வீட்டு மருமகள். என்னை 'மாமா' என்று அழைக்கும் முறை. வெயில் மழை பாராமல் வருவார். பழைய அட்டை காலியாக இருந்தால்தான் புது அட்டை தருவார். காலி அட்டையை வாங்கி எண்ணிப் பார்த்து, 'உட்கொண்டார்' என்று கைப்பேசியில் பதிவு செய்துகொள்வார். அவருக்குச் சொல்லப்பட்ட வேலை அது. அதை ஒழுங்காகவே செய்தார்.

4. மாத்திரை ஆரம்பித்து ஐந்தாம் மாதத்தில் எனக்குத் தாம்பத்திய உறவில் இயலாமை ஏற்பட்டது. இந்த ஒரு வாக்கியத்தை எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது. எங்கள் ஊர்ப் பேச்சில் இதற்கு வசவுச் சொல் உண்டு, கேலிச் சொல் உண்டு. ஒரு நோயாளி மருத்துவர் முன்னால் நின்று சொல்லக்கூடிய சொல் கிடையாது. அந்தச் சொற்களைச் சரளமாக வைத்திருப்பவர்கள் சுவரொட்டிக்காரர்கள். மாதம் ஒருநாள் டவுனுக்கு வந்து லாட்ஜில் அறை எடுத்து உட்காரும் வைத்தியர்கள், கழிப்பறைச் சுவர் வரை ஒட்டியிருக்கிறார்கள். அதில் கடைசி வரியாக 'ரகசியம் காக்கப்படும்' என்று இருக்கும். ஐயா, அந்த ஒரு வரியை எந்த அரசுச் சுவரிலும் நான் படித்ததில்லை. ஆனாலும் லாட்ஜுக்குப் போகாமல் அரசு மருத்துவத்தை நம்பித்தான் நான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன்.

5. அங்கே தாழ்வாரத்தில் ஒரு மேசை போட்டிருக்கும். சீட்டு எழுதுகிறவர் ஒவ்வொருவரிடமும் என்ன நோய் என்று கேட்டு எழுதுவார். வருகிறவர்களில் பாதிப் பேர் காது மந்தமானவர்கள் என்பதால் அவருக்குச் சத்தமாகக் கேட்டே பழகிவிட்டது. என் முறை வந்தபோது எனக்குப் பின்னால் நின்றவர் என் சம்பந்தியம்மாள், என் மகளின் மாமியார். "என்னண்ணே செய்யுது?" என்று கேட்கப்பட்டது. "முழங்கால் வலி" என்று சொன்னேன்.

6. உள்ளே மருத்துவரிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். மருத்துவர் அறைக் கதவு கழன்று மாதக்கணக்கில் ஆகியிருந்தது, திரை தொங்கியது. அடுத்த நோயாளி என் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நான் எழுந்திருக்கக் காத்து நின்றார். மருத்துவர் என் மகள் வயதுப் பெண். சீட்டில் எழுதியிருந்ததைப் பார்த்து முழங்காலை அழுத்திப் பார்த்தார். ஊசியும் களிம்பும் கிடைத்தன. மறுமாதம் போனேன்; அப்போதும் முழங்கால். மூன்றாம் முறை அருப்புக்கோட்டையில் எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார்கள். எடுத்தேன். தேய்மானம் இருப்பதாகச் சொன்னார்கள். பொய் சொல்லப் போய் மெய்யாகவே ஒரு நோயோடு திரும்பி வந்தவன் நான்.

7. இது என் ஒருவனுடைய கோழைத்தனம் என்று தாங்கள் கருத வேண்டாம். அந்த நிலையத்தின் பதிவேட்டை எடுத்து, இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாங்கும் நாற்பது வயது தாண்டிய ஆண்களில் எத்தனை பேருக்கு முழங்கால் வலி, இடுப்பு வலி, அசதி என்று எழுதியிருக்கிறது எனப் பார்க்க வேண்டுகிறேன். எட்டுக் கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வந்து முழங்கால் வலி என்று சொல்லிவிட்டு, மறுபடி எட்டுக் கிலோமீட்டர் மிதித்துப் போகிற ஆளை யாரும் சந்தேகப்பட்டதாகத் தெரியவில்லை. தம்பிக்கு நேர்ந்ததற்குப் பிறகு நான் எங்கள் ஊரில் ஒவ்வொருவரையும் தனித்தனியே கூப்பிட்டுக் கேட்டேன். பதினான்கு பேர் ஒத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒன்பது பேர் என்னைப் போலவே மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள்.

8. நான் நிறுத்தியது 2024 ஜூனில். மாத்திரைதான் காரணம் என்று நானே முடிவு கட்டினேன். தினம் ஒன்றாகப் பிதுக்கி வரப்பு எலிவளையில் போட்டேன். அந்த எலிகளுக்கு இரத்த அழுத்தம் நன்றாகக் கட்டுப்பட்டிருக்கும். காலி அட்டையைத் தங்கச்செல்வியிடம் கொடுத்தேன். அவர் 'உட்கொண்டார்' என்று பதிந்தார். 'நிறுத்திவிட்டேன்' என்று சொன்னால் 'ஏன் மாமா?' என்று கேட்பார். மருமகள் முறைப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வது? அதற்குப் பயந்துதான் அட்டையைக் காலி செய்து கொடுத்தேன். மற்ற ஒன்பது பேரும் இதே வழியைத்தான் பின்பற்றியிருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே. நிறுத்திய பின் கொஞ்சம் தேறினாற்போல் இருந்தது. எனக்கு வேறொன்றும் ஆகவில்லை. அதனால் என்னை நானே வைத்தியன் என்று நினைத்துக்கொண்டேன்.

9. அதே காலத்தில் என் தம்பிக்கும் அதே நிலைமை. எனக்குத் தெரியாது, என்னுடையது அவனுக்குத் தெரியாது. அவன் வீட்டில் படுப்பதை விட்டுவிட்டுப் பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ரூமில் போய்ப் படுத்தான். 2024 நவம்பர் 21-ஆம் தேதி அவன் சுகாதார நிலையத்துக்குப் போயிருக்கிறான். என்னைவிட அவனுக்குத் தைரியம் அதிகம். முழங்கால் என்று சொல்லவில்லை. மாத்திரையை மாற்றித் தரும்படி கேட்டிருக்கிறான். பார்வை 1-இல் உள்ள சீட்டில் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: 'மாத்திரை மாற்றிக் கேட்கிறார். காரணம் கூறவில்லை. அதே மாத்திரை தொடர்க.'

10. டிசம்பரில் அவன் மனைவி காளீஸ்வரி பெண் குழந்தையைக் கூட்டிக்கொண்டு காரியாபட்டிக்குத் தாய் வீடு போய்விட்டார். போகும்போது என் மனைவி ராக்கம்மாளிடம், "முகத்தக்கூடப் பாக்க மாட்டேங்குறாகக்கா. வேற எவளும் இருந்தா ஒரு வார்த்த சொல்லிரச் சொல்லுங்க, நான் குறுக்க நிக்கல" என்று சொல்லி அழுதிருக்கிறார். மூத்தவன் என்ற முறையில் தம்பியைக் கூப்பிட்டு விசாரித்தேன். மிளகாய்க் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தான். எழுந்திருக்காமலே, மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அந்த மாத்திரையப் போட்டதுலருந்து நான் மனுசனாவே இல்லண்ணே. இத அவகிட்ட என்னன்னு சொல்லுவேன்?"

11. அதற்கு நான் சொன்ன பதிலை மறைக்காமல் எழுதுகிறேன். "அட கிறுக்குப்பயலே, இதுக்குத்தானா? எனக்கும் இதே கததான்டா. அத நிப்பாட்டித் தொலை. நான் நிப்பாட்டி ஆறு மாசமாச்சு, கல்லு மாதிரி இருக்கேன் பாரு. அட்டையப் பிதுக்கிக் காலியாக்கிக் குடுத்துரு, அந்தப் புள்ள எழுதிட்டுப் போயிரும்." இந்தப் புகாரில் முதல் எதிர்மனுதாரர் நான்தான், ஐயா. மருத்துவம் படிக்காதவன் மருத்துவம் சொன்னேன். என் தம்பி என்னை நம்பினான். அன்று அவன் சிரித்தான். அண்ணனுக்கும் இதே குறை உண்டு என்று தெரிந்ததிலேயே அவனுக்குப் பாதிப் பாரம் இறங்கிவிட்டது. பொங்கலுக்கு நானே போய்க் காளீஸ்வரியை அழைத்து வந்தேன். வீட்டில் மறுபடி விளக்கு எரிந்தது. என் வைத்தியம் பலித்துவிட்டது என்று பெருமைப்பட்டேன்.

12. 2025 மார்ச் 6, காலை பத்து மணி. மிளகாய்ப் பழம் எடுத்துக்கொண்டிருந்தோம். தம்பி சாக்கைத் தலையிலிருந்து இறக்கி வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தான். வாய் ஒரு பக்கம் இழுத்தது. என்னைப் பார்த்து 'அண்ணே' என்று கூப்பிட வாயெடுத்தான். முதல் எழுத்தோடு நின்றுபோனது. 108 வந்து அருப்புக்கோட்டைக்கும் அங்கிருந்து மதுரைக்கும் கொண்டுபோனார்கள். மூளையில் இரத்தக் குழாய் வெடித்திருப்பதாகச் சொன்னார்கள்.

13. மதுரையில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "பிரஷர் மாத்திரை ஒழுங்கா எடுத்தாரா?" என்பது. காளீஸ்வரி மஞ்சப்பையிலிருந்து கடைசிக் காலி அட்டையை எடுத்து நீட்டி, "ஒருநாள் விட்டதில்ல சார், நானே அட்டையப் பாத்துருக்கேன்" என்றார். போனில் விசாரித்தபோது தங்கச்செல்வியின் பதிவும் அதையேதான் சொன்னது. தவறாமல் உட்கொண்டும் அழுத்தம் கட்டுப்படவில்லை என்று அவர்கள் எழுதிக்கொண்டார்கள். நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். உண்மை தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். என் மகன் மதன்குமார் பக்கத்தில் நின்றான், காளீஸ்வரியின் அண்ணன்மார் நின்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. கூடப் பிறந்தவன் உயிருக்குப் போராடுகிற இடத்திலும் என் மானம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. 

14. மறுநாள் காலையில் மாடிப்படியில் ஓர் இளம் மருத்துவரை நிறுத்தி, தனியே பேச வேண்டும் என்றேன். அவர் என்னை ஒரு சிறிய அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். "சொல்லுங்கய்யா, வெளிய யாருக்கும் கேக்காது" என்றார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. உங்களுக்கு எப்போதிலிருந்து, காலையில் எப்படி, மனதில் கவலை உண்டா, புகை உண்டா, மது உண்டா என்று வரிசையாகக் கேட்டார். காய்ச்சல் எத்தனை நாள் என்று கேட்பதுபோல் கேட்டார். ஏழு நிமிடம் ஆகியிருக்கும்.

15. அவர் சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன். இந்தக் குறை இரத்த அழுத்தத்தாலேயே வரும், சர்க்கரையால் வரும், சில மாத்திரைகளால் வரும், மனக் கவலையாலும் வரும். எதனால் என்று பார்த்து, தேவையானால் மாத்திரையை மாற்றிக் கொடுக்கலாம். பெரும்பாலோருக்குச் சரிசெய்ய வழி இருக்கிறது. மாரடைப்பும் பக்கவாதமும் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே உடம்பு இந்த வழியாக எச்சரிப்பதும் உண்டு. அதனால் இது மறைக்க வேண்டிய விஷயம் அல்ல, முதலில் சொல்ல வேண்டிய விஷயம். மாத்திரையைத் தானாகத் திடீரென்று நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. பிறகு என் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தார். முந்நூற்றுப் பத்து. எல்லையில் நின்ற சர்க்கரை எப்போதோ எல்லை தாண்டியிருந்தது. என் குறைக்குக் காரணம் மாத்திரை மட்டும் அல்லவென்றும், பெரும்பாலும் சர்க்கரையாக இருக்கலாம் என்றும் சொன்னார்.

16. எனக்கு மாத்திரையை மாற்றி, சர்க்கரைக்கும் மருந்து எழுதினார்கள். இப்போது ஐந்து மாதம் ஆகிறது. என் குறைபாடு பெரும்பாலும் நீங்கிவிட்டது என்பதைத் தங்கள் மேலான தகவலுக்காகச் சமர்ப்பிக்கிறேன். இதை எழுதும்போது எனக்கு மகிழ்ச்சி இல்லை. மாத்திரையை மாற்றிக் கேட்டவன் அவன். மாற்றிக் கிடைத்தவன் நான். அவனுக்கு வலது கையும் வலது காலும் விளங்கவில்லை, பேச்சு இல்லை. சொல்வது எல்லாம் புரிகிறது. யாராவது பேசினால் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

17. என் முகவரியையும் சீட்டையும் வைத்துத் தாங்கள் கண்டுகொள்ளலாம்; ஆனாலும் இந்த மனுவில் சுகாதார நிலையத்தின் பெயரை வேண்டுமென்றே குறிப்பிடவில்லை. குறிப்பிட்டால் மருத்துவருக்கோ சீட்டு எழுதுகிறவருக்கோ தங்கச்செல்விக்கோ மாறுதல் போட்டு மனுவைப் பைசல் செய்துவிடுவார்கள் என்று பயம். அது எனக்கு வேண்டாம். ஏப்ரலில் நான் அந்த மருத்துவரம்மாவைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். சீட்டைக் காட்டினேன். தன் கையெழுத்தைத் தானே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஞாபகம் இருக்குய்யா. ஏன்னு ரெண்டு தரம் கேட்டேன், தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. அன்னைக்கு வெளிய தொண்ணூறு பேரு" என்றார். கண் கலங்கினார். அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் நிரப்ப வேண்டிய படிவத்தையும் காட்டினார். புகையிலை உண்டா, கண் மங்கலா, பாதம் மரத்ததா என்று எல்லாம் இருக்கிறது. இது மட்டும் இல்லை.

18. பெண்களுக்கென்று அங்கே தனி நாள் இருக்கிறது, தனி அறை இருக்கிறது, தனிச் செவிலியர் இருக்கிறார். இருக்க வேண்டியதுதான்; என் மகள் இரண்டு பிள்ளைகளையும் அங்கேதான் நல்லபடியாகப் பெற்றாள். நான் பொறாமையில் எழுதவில்லை. ஆண் என்று அந்தக் கட்டடத்தில் இருப்பது கருத்தடை விளம்பரப் பலகையில் மீசையோடு சிரிக்கிற ஒருவர் மட்டும். அவரிடமும் யாரும் எதுவும் கேட்பதாகத் தெரியவில்லை.

19. ஆகவே நான் பணிவுடன் கேட்பவை:

(அ) சீட்டு எழுதும் மேசையில் நோயைச் சத்தமாகக் கேட்பதை நிறுத்த வேண்டும். பெயர், வயது, ஊர் போதும். நோயை மருத்துவர் கேட்டுக்கொள்ளட்டும்.

(ஆ) மருத்துவர் அறைக்குக் கதவு வேண்டும். அது இப்போதைக்கு முடியாவிட்டால், கொசுப்புகை இயந்திரமும் உடைந்த கட்டில்களும் போட்டுப் பூட்டியிருக்கும் மேற்கு அறையைக் காலி செய்து, வாரத்தில் ஒரு முற்பகல் ஆண்களுக்கு என்று ஒதுக்கினால் போதும். 'ரகசியம் காக்கப்படும்' என்று அதன் வெளியே அரசே எழுதி வைக்கட்டும்.

(இ) இதுதான் முக்கியம். இரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மாத்திரை வாங்கும் ஒவ்வொரு ஆணிடமும், அவன் சொல்லக் காத்திராமல், மருத்துவரே இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். கேட்டால் முதல் தடவை இல்லை என்பான். இரண்டாம் தடவையும் இல்லை என்பான். மூன்றாம் தடவை சொல்லிவிடுவான். படிவத்தில் அதற்கு ஒரு வரி சேர்த்தால் கேட்கிறவருக்கும் கூச்சம் இராது. படிவம் கேட்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம்.

(ஈ) மாத்திரை கொடுக்கும் முதல் நாளே, இப்படி ஏதாவது நேர்ந்தால் நிறுத்தாமல் வந்து சொல்லுங்கள், மாற்றித் தருகிறோம் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். இதை என்னிடம் யாராவது சொல்லியிருந்தால் இந்த மனுவுக்கே வேலை இல்லை.

(உ) காலி அட்டையை வைத்து உட்கொண்டதாக எழுதுவதைக் கைவிட வேண்டும். வீடு தேடி வருகிறவர் மருமகளாகவும் கொழுந்தியாளாகவும் இருக்கிற ஊரில், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வெளியூர் ஆண் பணியாளர் ஒருவர் வந்து ஆண்களிடம் தனியே பேச ஏற்பாடு செய்ய வேண்டும்.

20. இந்த மனுவுக்குக் கையெழுத்து வாங்க ஊரில் அலைந்தேன். கண்மாய் மடைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வந்தது. இதற்கு, கோரிக்கைகளை மட்டும் படித்துக் காட்டியபோது, எல்லோரும் காது கொடுத்துக் கேட்டார்கள், நியாயம் என்றார்கள், நல்லா எழுதியிருக்கிறீர்கள் என்றார்கள். பேனாவை நீட்டினால் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று எழுந்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் என் நன்மைக்காக ஒரு யோசனை சொன்னார்: "பொருள்ல குடிதண்ணின்னு மாத்திப் போட்ருங்க மாமா, நூறு கையெழுத்து நான் வாங்கித் தாறேன்." என் மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம், இதனால் அது தட்டிப் போகலாம் என்றும் சிலர் எச்சரித்தார்கள். ராக்கம்மாளிடம் கேட்டேன். "போகட்டும். உங்க தம்பியால பேச முடியாது, நீங்களாவது பேசுங்க" என்றார். அதற்குப் பிறகுதான் இதைத் தபாலில் சேர்க்கத் துணிந்தேன்.

21. முதலில் எழுதிய படியில் என் தம்பியின் பெயர் இல்லை. 'என் நெருங்கிய உறவினர் ஒருவர்' என்றே எழுதியிருந்தேன். நேற்று முன்தினம் அவன் வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, அவனுக்கும் காளீஸ்வரிக்கும் முழுவதையும் படித்துக் காட்டினேன். மாத்திரையை நிறுத்தச் சொன்னது நான் என்பது அதுவரை காளீஸ்வரிக்குத் தெரியாது. 'உறவினர் ஒருவர்' என்று வந்த இடத்தில் தம்பி தலையை ஆட்டித் தடுத்தான். இடது கையால் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினான். புரியாததுபோல் நான் மேலே படித்தேன், மறுபடி தட்டினான். அதனால்தான் இந்தப் படியில் அவன் பெயரைப் பொருளிலேயே எழுதியிருக்கிறேன்.

22. பதினோராம் பத்தியைப் படித்தபோது அவன் இடது கையை நீட்டித் தாளின் மேல் வைத்து அந்தப் பத்தியை மறைத்தான். நான் காத்திருந்தேன். கையை எடுக்கவில்லை. அதை எழுத வேண்டாம் என்கிறான் என்று எனக்குப் புரிந்தது. அவன் கையை நானே மெதுவாக எடுத்துவிட்டுப் படித்து முடித்தேன். அந்தப் பத்தியை நீக்கவில்லை. நீக்கினால் இந்த மனுவும் இன்னொரு காலி அட்டையாகிவிடும்.

23. காளீஸ்வரி அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அது நியாயம்தான். ஆனால் இன்று காலை நான் திருத்திய படியைக் கொண்டு போனபோது, மைப்பெட்டியை எடுத்து வந்ததும் அவர்தான். தம்பியின் பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றித் தாளில் வைத்ததும் அவர்தான். வைத்த பிறகு முந்தானையால் விரலைத் துடைத்துவிட்டு, பேனாவுக்காக என்னிடம் கையை நீட்டினார்.

தாங்கள் எங்கள் பகுதி நிலையத்துக்கு நேரில் வந்து அந்தத் தாழ்வாரத்தில் ஒரு காலை வேளை நின்று பார்த்து, மேற்கண்டவற்றில் கதவையும் கேள்வியையுமாவது உடனே நிறைவேற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். மாத்திரையை நிறுத்தியிருந்த ஒன்பது பேரில் ஆறு பேரை நான் மறுபடி எடுக்க வைத்துவிட்டேன். மூன்று பேர் இன்னும் அட்டையைப் பிதுக்கிக்கொண்டிருக்கிறார்கள். நான் சொன்னால் கேட்க மாட்டார்கள். கதவைச் சாத்தி ஒரு மருத்துவர் கேட்டால் சொல்வார்கள். அவர்களுக்கு ஏதும் ஆவதற்கு முன் தங்கள் ஆணை வர வேண்டும்.

இடம்: கருவேலேந்தல்
நாள்: 11.08.2025

தங்கள் நடவடிக்கையை எதிர்பார்க்கும்,

1. (ஒப்பம்) மொ. தங்கபாண்டி

2. மொ. உக்கிரபாண்டி – இடது கைப் பெருவிரல் ரேகை
(படித்துக் காட்டப்பட்டது. கேட்டுச் சம்மதித்து வைத்தது.)

சாட்சி: (ஒப்பம்) உ. காளீஸ்வரி, மேற்படி உக்கிரபாண்டியின் மனைவி